கைராசிப் பந்தயம்

ஜனவரி 19

அக்காவுக்கு,

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நானும் கத்துகிறேன், கடைசியில் யாராவது ஒருத்தி பட்டென்று வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உன் பக்கத்துக் கடைகளுக்குச் சரக்கு இறக்க வருகிற லாரி டிரைவர் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். அவர் இதைக் கொண்டுவந்து தருவார். பதில் எழுதினால் அவரிடமே கொடு.

நேற்று உன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மிளகு உன் வீட்டுப் படியில் ஓடி ஏறினாள், இறங்கினாள், மறுபடியும் ஏறினாள். பூங்காவில் சறுக்குமரத்து உச்சியில் நின்றுகொண்டு, "அம்மா, என்னைப் பாரு, என்னைப் பாரு"ன்னு கத்தினாள். கத்தி முடித்த பிறகும் இருமவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாயே, அன்றைக்கு அவளுக்கு ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்ல மூச்சுப் போதவில்லை. பெற்றவளுக்கு இதைப் பார்த்தால் சந்தோஷம் வரவேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், எழுதிவிட்டேன். என் பெண் உன் வீட்டில் மூச்சு விடுகிறாள், என் வீட்டில் விடமாட்டேன் என்கிறாள் என்றால், நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எதிர் வீட்டு டாக்டரம்மா வந்து உட்கார்ந்ததும் நீ சொன்னாய் பார், "எல்லாம் என் கைராசிங்க. என் கைக்கு வந்ததும் குழந்தை தேறிட்டா"ன்னு. அப்போ என் கை என்ன, விளக்குமாறா? அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் என்னமோ என் பிள்ளைக்கு வேளாவேளைக்கு விஷம் வைத்தவள் மாதிரி.

இன்னொன்று. சின்னதாக, கறுப்பாக, காரமாகப் பிறந்தாள் என்று மிளகு என்று பேர் வைத்தது நான். நீ வைத்ததாக உன் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாய். அவளே என்னிடம், "பெரியம்மாதானே எனக்குப் பேர் வெச்சாங்க"ன்னு கேட்கிறாள்.

சனிக்கிழமை வருகிறேன். துணிமணியை எடுத்து வை. நீ வாங்கிக் கொடுத்த ஊதா கவுனை வேண்டுமானால் நீயே வைத்துக்கொள்.

உன் தங்கைதான், வேறு யார்.


ஜனவரி 22

தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை அதைவிட அதிகமாக வந்தது.

நான் சொன்னதில் என்ன தப்பு? விரிப்புகளை வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கிறேன். தலையணைக்கு இறுக்கமாக உறை தைத்திருக்கிறேன். இன்ஹேலரை எப்படி உறிஞ்ச வேண்டும், உறிஞ்சிய பிறகு எப்படி வாய் கொப்புளிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? குடோனில் பழம் அடுக்கிவிட்டு அதே கையோடு பிள்ளையைத் தூக்குவாய். மருந்தை ஒருநாள் மறப்பாய், மறுநாள் சேர்த்துக் கொடுப்பாய். ஒரே பிள்ளை, ஒரே மருந்து. ஒரு வீட்டில் தேறுகிறாள், இன்னொரு வீட்டில் தேறவில்லை. வித்தியாசம் பார்த்துக்கொள்கிற ஆளிடம்தானே இருக்க வேண்டும்?

எனக்குப் பிள்ளை இல்லை என்பதை நீ ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மிளகு என் மடியில் உட்காரும்போதெல்லாம் "பெரியம்மாவுக்குக் கால் வலிக்கும், இறங்கு"ன்னு சொல்லுவாயே, எனக்கு என்ன காலா வலிக்கிறது? உன் அத்தான் கப்பலில் போய்விட்டால் இந்த வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம்தான் எனக்குத் துணை. கம்பெனி கொடுத்த வீடு, பெரிய வீடு, காற்றோட்டமான வீடு என்று எல்லோரும் கண் வைக்கிறீர்கள். காற்று வந்து என்னோடு பேசப்போகிறதா?

கூட்டிக்கொண்டு போ. உன் பிள்ளை. ஆனால் திரும்பவும் இழுப்பு வந்தால் என்னிடம் வந்து மூக்கைச் சிந்தாதே.

ஊதா கவுனையும் பையில் வைத்துவிட்டேன். அது எனக்குப் பத்தாது.

அக்கா.


பிப்ரவரி 5

அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறாள். எப்போது கெட்ட செய்தி வரும் என்று நீ வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாய், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வராது.

நீ செய்ததையெல்லாம் நானும் செய்கிறேன். விரிப்புக்கு வெந்நீர், தலையணைக்கு உறை. கரடி பொம்மையைப் பரண் மேல் தூக்கிப் போட்டேன். அதற்கு மிளகு மேடம் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மருந்து நேரத்துக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அது அடித்தால் குடோனில் என்னோடு பழம் அடுக்குகிற பெண்கள் எல்லோரும், "மிளகுக்கு மருந்து, ஓடு ஓடு"ன்னு கோரஸ் பாடுகிறார்கள். குடோன் கேட்டுக்கு மேலேதானே வீடு, ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். கையை முழங்கை வரைக்கும் கழுவுகிறேன். போதுமா? உன் கைராசியை மடித்து அலமாரியில் வைத்துக்கொள்.


பிப்ரவரி 8

மேலே இருப்பதை டிரைவரிடம் கொடுப்பதற்குள் இழுப்பு வந்துவிட்டது. கிழித்துப் போட்டிருக்கலாம். உனக்குக் கொஞ்சம் சந்தோஷம் கிடைக்கட்டும் என்று அப்படியே அனுப்புகிறேன்.

என்ன தப்புச் செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை. எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறேன். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன், நீ உன் வீட்டில் காலையில் திறந்து வைப்பாயே, அது மாதிரி. கீழே ஃப்ரீசர் லாரிகள் வழக்கம்போல சரக்கு ஏற்றத் தங்கள் முறைக்காக வரிசையில் நின்றன. பாலும் பழமும் கெட்டுவிடும் என்று அவர்கள் என்ஜினை அணைப்பதில்லை, அது உனக்கும் தெரியும். உன் தெருக் கடையில் பளபளவென்று அடுக்கியிருக்கிறதே, அதெல்லாம் எங்கள் ஜன்னலுக்குக் கீழே உறுமிக்கொண்டு நின்றுவிட்டு வந்ததுதான். புகை வருகிறது என்று ஜன்னலை மூடினேன். மூடினால் சுவரில் ஈரம் பூத்துக் கறுக்கிறது. துடைத்தேன். திரும்பப் பூத்தது. இதெல்லாம் எப்போதும் உள்ளதுதானே, இந்தத் தெருவில் எல்லோரும் இப்படித்தான் இருக்கிறோம். அப்படியானால் கோளாறு என்னிடம்தான்.

ஒத்துக்கொண்டேன் என்று நினைத்து ஆடாதே. உன் மாளிகையில் உட்கார்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் கைராசிக்காரி ஆகலாம். அவ்வளவு தைரியம் இருந்தால் இங்கே வந்து, இந்த அடுப்படியில், இந்தக் கட்டிலில், அவளைத் தேற்றிக் காட்டு பார்ப்போம்.


பிப்ரவரி 11

தங்கைக்கு,

வருகிறேன்.

நீ சும்மா வாய்க்கு வந்தபடி எழுதினாய், நான் பின்வாங்குவேன் என்று நினைத்தாய். சின்ன வயதில் கிணற்றுச் சுவர்மேல் நடக்கப் பந்தயம் கட்டியது யார், நடந்தது யார் என்று யோசித்துப் பார்.

ஆனால் நீ அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் அது சரியில்லை, இது சரியில்லை என்று என் கையைக் கட்டிவிடுவாய். உனக்குச் சேர்ந்திருக்கிற லீவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குப் போ. உன் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பிலேயே படுத்துக்கொள்ளட்டும், சாப்பிட மட்டும் வரட்டும். நீ திரும்பும்வரை மிளகு என் பொறுப்பு.

அதுவரை இழுப்பு வராமல் நான் பார்த்துக்கொண்டுவிட்டால், அவள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை என் வீட்டில்தான் வளருவாள். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. என் கையில் இருக்கும்போது வந்துவிட்டால், நான் இனி உன் பிள்ளையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன். அவள் உன்னிடமே இருப்பாள்.

சம்மதமா? சம்மதம் என்றால் வீட்டுச் சாவியை மாற்றிக்கொள்வோம். செடிக்குத் தண்ணீர் ஊற்று, ஊற்றிக் கொல்லாதே.

அக்கா.


பிப்ரவரி 23

தங்கச்சி,

உன் வீட்டு அடுப்படி மேடையில் வைத்து இதை எழுதுகிறேன். மிளகு தூங்குகிறாள். பயப்படாதே, இப்போது பரவாயில்லை. போனை எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன்.

எங்கே ஆரம்பிப்பது? வந்த அன்றைக்கே ஜன்னல் விளிம்பைத் துடைத்தேன். துணி கறுப்பாகிவிட்டது. உன்னைத் திட்டினேன், "எவ்வளவு நாளா துடைக்காம வெச்சிருக்கா பாரு"ன்னு மிளகிடமே சொன்னேன். சாயங்காலம் மறுபடியும் துடைத்தேன். மறுபடியும் கறுப்பு. மறுநாளும் அப்படியே. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குத் தலை வலித்தது, தொண்டை கரகரத்தது, இடம் மாறிய களைப்பு என்று சொல்லிக்கொண்டேன். பந்தயம் அல்லவா, அதில் குறியாக இருந்தேன்.

நேற்று முற்பகல், எல்லா மருந்தும் நேரத்துக்குக் கொடுத்து, விரிப்பெல்லாம் மாற்றி, அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். பின்னல் பாதியில் இருக்கும்போதே அவள் முதுகு ஏறி இறங்க ஆரம்பித்தது. என் கைக்குக் கீழேயேடி. அந்தப் பேர்பெற்ற கைக்குக் கீழே. இன்ஹேலர் கொடுத்தேன், கேட்கவில்லை. உதடு ஒரு மாதிரி ஆனதும் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினேன். இரண்டாவது மாடியில் தையல்காரி கதவைத் திறந்து, "இங்க வாங்க, எங்க வீட்டுல மூச்சு மெஷின் இருக்கு"ன்னாள். கீழ் வீட்டுக்காரியும் அதையேதான் சொன்னாள். மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கிற அந்த நெபுலைசர், ஒரே படிக்கட்டில் எத்தனை வீட்டில் இருக்கிறது! உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், உப்பு மாதிரியே.

யார் வீட்டிலும் நிற்காமல் கிளினிக்குக்கே ஓடினேன். அங்கே நர்ஸ் என்னிடம் முதலில் என்ன கேட்டாள் தெரியுமா? குழந்தையின் பேரை இல்லை, வயதை இல்லை. "எந்தத் தெரு?"ன்னாள். சொன்னேன். அவ்வளவுதான், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மருந்தை எடுக்க உள்ளே போய்விட்டாள். மாஸ்க்கை மாட்டும்போது நான்தான் விடாமல், "நான் எல்லாம் சரியாத்தாம்மா செஞ்சேன், வெந்நீர்ல துவைச்சேன்"ன்னு உளறிக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "குடோன் தெருவுல இருந்து வர்ற எல்லா அம்மாவும் இதையேதாங்க சொல்றாங்க. நீங்க துவைச்சது சரிதான். நீங்க லாரியைத் துவைக்க முடியாதே"ன்னாள்.

உன் வீட்டுக்காரர் ஓடிவந்தார். கையெல்லாம் எண்ணெய், பிள்ளையைத் தொடாமல் தள்ளி நின்றார். "அக்கா, அந்த வண்டிங்களோட கூலரை ரிப்பேர் பண்ணிதான் நாங்க சாப்பிடறோம். நிக்காதேன்னு நான் எந்த வாயால சொல்ல?"ன்னார். நல்ல மனுஷனடி. நீ அவரை விரட்டிக்கொண்டே இருக்காதே.

உன்மேல் தப்பு இல்லை. என்னிடம் கைராசியும் இல்லை. என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே மரம் இருக்கிறது, உன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே லாரி இருக்கிறது. மரத்துக்குக் கிடைக்க வேண்டிய பேரை நான் வாங்கிக்கொண்டு உன் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளையை வைத்துப் பந்தயம் கட்ட நம் இரண்டு பேரைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தோன்றும்? வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்தால் புழுங்கிச் செத்துவிடுவேன். மாஸ்க்குக்குள்ளே அவள் "அம்மா, அம்மா"ன்னுதான் முனகினாள். என் மடியில் இருந்துகொண்டு உன்னைக் கூப்பிட்டாள். அந்தப் பயத்திலும் எனக்கு உன்மேல் பொறாமை வந்தது. நான் என்ன ஜென்மம்?

பந்தயத்தில் நீ ஜெயித்துவிட்டாய். என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

அக்கா.


பிப்ரவரி 25

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று கிளம்பி வந்துவிட இருந்தேன். மிளகு போனில், "அம்மா, நான் நல்லாதான் இருக்கேன், பெரியம்மாதான் அழுதுட்டே இருக்காங்க"ன்னாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை மறுநாள் லீவு முடிகிறது.

உன் தப்பு இல்லை, என் தப்பு இல்லை என்கிறாய். அதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? முதலில் அழுதேன். இவ்வளவு நாளாக, ஒவ்வொரு இழுப்புக்கும் நான் என்ன சாப்பிடக் கொடுத்தேன், எதைத் துடைக்காமல் விட்டேன் என்று என்னையே பிடுங்கித் தின்றுகொண்டிருந்தேன். அப்புறம் ஆத்திரம் வந்தது. உன்மேல் இருந்த பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இப்போது உன் தெரு முழுக்கப் பொறாமை.

இங்கே வந்ததிலிருந்து எனக்கு இருமல் நின்றுவிட்டது, அக்கா. குளிர் ரூமில் நின்று வேலை செய்வதால் வருகிற இருமல், என் உடம்புவாகு அப்படி என்றுதான் நினைத்திருந்தேன். இருமலை என் மூக்கு மாதிரி, என்னோடு பிறந்தது என்று வைத்துக்கொண்டிருந்தேன். லீவில் இருப்பதால்தான் என்று நீ சொல்லலாம். சொல்லிக்கொள். வாரக்கணக்கில் நான் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோதும் இருமினேனே.

காலையில் பூங்காப் பக்கம் போகிறேன். நம் அம்மா இருந்திருந்தால் அவள் வயது இருக்கும், அப்படிப்பட்ட பெண்கள் ஷூ மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே ஓடுகிறார்கள். பேசிக்கொண்டே! ஒருத்தி என்னிடம், "புதுசா வந்திருக்கீங்களா, வாங்க, சேர்ந்து நடக்கலாம்"ன்னாள். வயது கேட்டேன். சொன்னாள். எங்கள் தெருவில் அந்த வயதில் யார் இருக்கிறார்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. எல்லோரும் எங்கே போனார்கள் என்று இதுவரைக்கும் எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. அந்தப் பெஞ்சைப் பார்த்தே எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த ஊரில் பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம்தான். ஆனால் இந்தப் பக்கம் பிறந்தவளுக்கு இவ்வளவு மூச்சு, அந்தப் பக்கம் பிறந்தவளுக்கு அவ்வளவுதான் என்று யார் அளந்து வைத்தது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன், அதனால் அவள் என்னிடமே இருக்க வேண்டும். அது வேண்டாம், நீ அவளை உன்னிடமே கூட்டிக்கொண்டு வந்துவிடு. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு. நாங்களும் இந்தப் பக்கம் வீடு பார்க்கலாமே என்று நீ சொல்லுவாய். இங்கே ஒரு குளியலறை வாடகைக்குக்கூட எங்கள் சம்பளம் போதாது, வேலையும் அங்கேதான் இருக்கிறது. உன்னோடு வந்து இருக்கலாம் என்றால், மனைவியின் தங்கை குடும்பம் தங்க, வீடு கொடுத்த அத்தானின் கம்பெனிக்காரர்கள் விடமாட்டார்கள். பிள்ளையை மட்டும் விடுவார்கள் என்று அத்தான் முன்பே சொல்லியிருக்கிறார். எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டேன், என்னைச் சமாதானம் செய்யாதே.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள். முடி நீளமாகத்தான் இருக்க வேண்டும், சௌகரியத்துக்கு வெட்டிவிடாதே. உன்னை அம்மா என்று கூப்பிட்டால் திருத்து. வாய் தவறிக் கூப்பிட்டாலும் திருத்து. பல் விழுந்தால் எனக்குத் தெரியாமல் தூக்கிப் போடாதே. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான் வருவேன். நான் கிளம்பும்போது அவள் அழாவிட்டால், அழவில்லை என்று என்னிடம் சொல்லிக் காட்டாதே.

இதை எழுத எனக்குக் கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். இழுப்பு வரும்போதெல்லாம் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்ளுவாள். என்னை விட்டால் ஆளில்லை என்கிற மாதிரி கட்டிக்கொள்ளுவாள். அந்தப் பிடி எனக்குப் பிடித்திருந்தது, அக்கா. இனி உன் வீட்டில் இழுப்பே வராது. சுகமாக இருக்கிற பிள்ளை எதற்கு அம்மாவைத் தேடப்போகிறது? என் பெண்ணின் ஆரோக்கியத்தைப் பார்த்தே எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நான் என்ன ஜென்மம் என்று நீ கேட்டுக்கொண்டாயே, என்னைப் பார்த்துவிட்டுச் சொல்.

கிளம்பும்போது சாவியை டாக்டரம்மா வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன். அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ அது உங்க அக்கா கைராசி இல்லையா"ன்னு கேட்டார்கள். இல்லீங்க, முகவரி ராசின்னேன்.

செடி எதுவும் சாகவில்லை.

உன் தங்கை.


ஏப்ரல் 14

தங்கச்சி,

போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஓவர்டைம், வரமுடியவில்லை என்று சொன்னாய். அன்றைக்கு நடந்ததை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். முடியவில்லை.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பூங்காவில் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். மிளகு ஓடினாள். நான் கயிற்றுக்கு அந்தப் பக்கம், கையில் இன்ஹேலரை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் பாட்டுக்கு ஓடினாள். எல்லோரையும் தாண்டி ஓடினாள். முதலாவதாக வந்தாள்! மூச்சு வாங்கிற்று, பயந்தே போனேன், அவளைப் பிடித்து முதுகில் காதை வைத்துக் கேட்கலாமா என்றிருந்தது. அது ஓடினால் எல்லாப் பிள்ளைக்கும் வாங்குகிற மூச்சுதான். வேறு ஒன்றுமில்லை. முகமெல்லாம் சிவந்து, சிரிப்பும் மூச்சுமாக வந்தாள்.

நான் மண்டி போட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். நேராக என்னைப் பார்த்துத்தான் ஓடிவந்தாள். வந்தவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். பஸ் நிற்கிற கேட் வரைக்கும் போய், கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டாள், "அம்மா இன்னும் வரலையா? நான் ஜெயிச்சதை அம்மா பார்க்கலையா?"

விரித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தங்கச்சி. நல்ல சுகத்தோடுதான் உன்னைத் தேடினாள். இதை எழுதும்போது எனக்கு உன்மேல் எவ்வளவு பொறாமை என்று உனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு ஓவர்டைம் என்று எதையும் சொல்லாதே. முதல் பஸ்ஸிலேயே வா.

அக்கா.